கயிறு மாற்றாமல் ஒரு பரிசோதனை

வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதைக் காப்பகம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். வேலந்தாவளத்துக்குச் சற்று முன்னால், எல்லைக்கு மலையாளப் பக்கத்தில், தென்னந்தோப்புக்கு நடுவே, ஓர் அறக்கட்டளை வாடகைக்கு எடுத்திருந்த சாதாரண வீடு அது. ஆறு ஆண்கள் அதில் குடியிருந்தார்கள். எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். மனவளர்ச்சிக் குறைபாடு என்று மருத்துவச் சான்றிதழ் சொல்லும். நான் பார்த்தவரை ஒருவருக்குக் கணக்கு வராது, ஒருவருக்குப் பேச்சு வராது, ஒருவருக்குப் பொய் வராது. காய் நறுக்குவது, துணி துவைப்பது, கடைக்குப் போய் சோப்பு வாங்குவது எல்லாம் அவர்களே. முடியாத இடத்தில் கைகொடுப்பதற்குத்தான் நாங்கள் சம்பளம் வாங்கினோம். நான் அந்த வீட்டின் பொறுப்பாளர்.

எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். எங்கள் பக்கத்து ஆட்கள் கன்றுக்குட்டியைக்கூட மரியாதையாக விரட்டுவார்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. அந்த மரியாதை இந்த ஆறு பேரிடம் வரும்போது மட்டும் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது. நாற்பது வயது ஆளை 'டேய், இங்க வாடா' என்று கூப்பிட்ட பால்காரரோடு நான் சண்டை போட்டேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவர் பாலைக் கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டுப் போனார். பரவாயில்லை, பால் கெட்டுப்போகவில்லை.

அந்த நாற்பது வயதுக்காரரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். இனி நான் வெறுமனே 'அவர்' என்றால் அது இவர்தான். எல்லைச் சாவடியைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் அவருடைய ஊர். விவசாயக் குடும்பம், மாடு கன்று உள்ள வீடு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணன் கொண்டுவந்து இங்கே சேர்த்திருக்கிறார். நான் வேலைக்கு வருவதற்குப் பல வருஷம் முந்தி நடந்தது அது. அவருக்கு வலிப்பு உண்டு. காலையும் மாலையும் மாத்திரை போட வேண்டும். அந்த மாத்திரையை என் கையிலிருந்தோ தன் அறைத்தோழர் கையிலிருந்தோதான் வாங்கிக்கொள்வார். வேறு யார் நீட்டினாலும் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். ஒரு வேளை தவறினால் தாங்கும். ஒரு நாள் முழுக்கத் தவறினால் எங்கே நிற்கிறாரோ அங்கேயே விழுந்துவிடுவார்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. வாரச் சந்தை நடக்கும் நாளில் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். மாடு ஏற்றிய டெம்போக்கள் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் சந்தைக்குப் போகும். ஹாரன் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நாங்களே ஒரு காரணம் கண்டுபிடித்து, சந்தை நாளில் ஜன்னலைச் சாத்தி வைத்தோம். சாயங்காலம் வண்டிகள் ஓய்ந்த பிறகு தலைமுடியில் தூசியோடு வெளியே வந்து, எதுவும் நடக்காதது போலத் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்காருவார்.

கொரோனா வந்தபோது முதலில் புரிந்துகொண்டவர் அவர்தான். நான் சுவரில் படம் ஒட்டி, கையை ஆட்டி, தும்மிக் காட்டி, ஒரு மணி நேரம் நாடகம் நடத்தினேன். ஐந்து பேர் சிரித்தார்கள். அவர் மட்டும் எழுந்து நின்று மற்றவர்களிடம் சொன்னார்.

"கோமாரி வந்துருக்குதுங்க. மனுசனுக்கு வந்துருக்குது. சந்தை கெடையாது. யாரும் வெளிய போவக்கூடாது."

கோமாரி மாட்டுக்கு வருவது. வாயிலும் குளம்பிலும் புண் வந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றி, தொழுவம் முழுக்கப் படுத்துவிடும். அந்தச் சமயத்தில் சந்தையை மூடிவிடுவார்கள், தொழுவத்து வாசலில் சுண்ணாம்பு போடுவார்கள், அடுத்த வீட்டு மாட்டை உள்ளே விடமாட்டார்கள். இதையெல்லாம் சின்ன வயதில் பார்த்தவருக்கு நான் என்ன புதிதாகச் சொல்லிக்கொடுப்பது? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த நோய்க்குக் கோமாரி என்றே பெயர். நானும் அப்படியே சொல்ல ஆரம்பித்தேன். வேலையும் சுலபமாக நடந்தது.

வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்து வைப்பது அவர் பொறுப்பு. கை கழுவச் சொன்னால் முழங்கைவரை தேய்ப்பார். சந்தை நிஜமாகவே மூடப்பட்டது. மாட்டு வண்டி ஒன்றும் வரவில்லை. சந்தை நாளிலும் அவர் வெளியே உட்கார்ந்து தேங்காய் நார் பிய்த்துக்கொண்டிருந்தார். உலகமே பயந்துகிடந்த அந்த மாதங்களில் அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்ததைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

மற்றபடி வீடு வீடாக இல்லை. சேர்ந்து சாப்பிட்ட மேஜையைப் பிரித்து ஆளுக்கு ஒரு மூலையில் ஸ்டூல் போட்டோம். தட்டுக்கு ஒரு நிறம், வாளிக்கு ஒரு நிறம், துடைப்பத்துக்கு ஒரு நிறம். மாஸ்க் பெரிய தலைவலி. எலாஸ்டிக் காதை இழுக்கிறது என்று ஆளாளுக்குக் கழற்றி வீசினார்கள். கடைசியில் பழைய கட்டம் போட்ட போர்வையை வெட்டி நானே தைத்தேன். காதில் மாட்டுவதற்குப் பதில் மேலே ஒரு நாடா, கீழே ஒரு நாடா வைத்து, தலைக்குப் பின்னால் முடிச்சுப் போடுகிற மாதிரி. அதை எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். ஆறு பேரும் ஒரே கட்டத் துணியில் நிற்பதைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. முடிச்சை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

இரண்டாவது அலை என்று சொன்னார்களே, அந்தச் சமயத்தில் அவருடைய அறைத்தோழருக்குக் காய்ச்சல் வந்தது. அறைத்தோழர் பருமனான ஆள், சிரித்த முகம், நடந்தால் மூச்சு வாங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து சிஸ்டர் வந்தார். மலையாளி, எங்கள் பக்கத்தில் வேலை பார்த்துப் பார்த்து ஒரு மாதிரியான தமிழ் பேசுவார், நல்ல பொறுமைசாலி. போர்டிகோவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மூக்கில் குச்சியை விட்டுச் சளி எடுத்தார். அறைத்தோழர் கண்ணில் நீரோடு சிரித்தார். அங்கேயே ஆன்டிஜென் சோதனை செய்து பாசிட்டிவ் என்றார்.

ஆக்சிஜன் குறைவாகக் காட்டியதால் வீட்டில் வைக்க முடியாது என்றார்கள். வேன் வந்தது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுத்திய இரண்டு பேர் இறங்கினார்கள். அறைத்தோழரின் கட்டம் போட்ட மாஸ்க்கை அவிழ்த்து அங்கேயே ஒரு பக்கெட்டில் போட்டுவிட்டு, தாங்கள் கொண்டுவந்த வெள்ளை மாஸ்க்கைத் தலைக்குப் பின்னால் இழுத்துப் பூட்டினார்கள். கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். அறை ஜன்னலிலிருந்து அவர் அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. தோழர் போன துக்கம் என்று நினைத்தோம். மறுநாள் அவருக்கும் உடம்பு சுட்டது. பாத்ரூம் சேர்ந்த அறை அது ஒன்றுதான் என்பதால் அவரை அங்கேயே தனியாக வைத்தோம். மாத்திரையை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சிஸ்டர் மறுபடியும் வந்தார். அவரை நாற்காலியில் உட்காரவைக்கும்வரை பிரச்சினை இல்லை. குச்சியைக் கண்டதும் தலையைத் திருப்பினார். சிஸ்டர் கெஞ்சினார், நான் கெஞ்சினேன். அப்போதுதான் எங்கள் வீட்டு டிரைவர் உதவிக்கு வந்தார். நல்ல மனிதர், தங்கமானவர், வீட்டில் கறவை மாடு வைத்திருப்பவர். கையுறை, மாஸ்க், மேலுக்கு ஒரு மழைக்கோட்டு என்று எல்லாம் போட்டுக்கொண்டு வந்து, அவருக்குப் பின்னால் நின்று, இடது முழங்கையைத் தாடைக்கு அடியில் கொடுத்துத் தலையை நிமிர்த்தி, வலது கையால் மூக்குத்தண்டைப் பிடித்தார்.

"பொறு பொறு. அவ்ளோதான் சாமி, ஆச்சு. பொறு."

எங்கள் பக்கத்தில் மாடு வளர்க்கிற யாரைக் கூப்பிட்டிருந்தாலும் அப்படித்தான் பிடித்திருப்பார்கள். கிடாரிக் கன்றுக்கு மூக்கணாங்கயிறு போட மூக்குக் குத்தும்போது பிடிக்கிற பிடி அது. கை தானாக அந்த இடத்துக்குப் போய்விடும். டிரைவருக்கு அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த நேரத்தில் தெரியவில்லை.

அவர் அலறினார். ஒரு வார்த்தையும் இல்லாத அலறல். டிரைவரை உதறித் தள்ளி, சிஸ்டரின் தட்டைத் தட்டிவிட்டு, அறைக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டார். ஓடும்போதும் இரண்டு கையும் தலைக்குப் பின்னால் மாஸ்க்கின் முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன. டிரைவர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். மழைக்கோட்டுக்குள் வேர்த்து ஊற்றியது.

"சேச்சி, இப்படிப் பிடிச்சு வெச்சா செரியாவில்லா" என்றார் சிஸ்டர், சிதறிய குச்சிகளைப் பொறுக்கியபடி. "பாவம், பேடிச்சுப் போயி. ஞான் சாயங்காலம் ஒண்ணு கூடி வரலாம்."

சிஸ்டர் சொன்னால் போதுமா? ஹெல்த் இன்ஸ்பெக்டர் போன் செய்தார். இன்ஸ்பெக்டரையும் குறை சொல்ல மாட்டேன். அந்த மனிதர் தலையில் ஊரே இருந்தது. எங்கள் வீட்டில் இதயக் கோளாறு உள்ளவர் ஒருவர் இருக்கிறார். காய்ச்சல் உள்ள ஆளைப் பரிசோதனை இல்லாமல் அந்த வீட்டில் வைக்க முடியாது. பரிசோதனைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் நோய் இருப்பதாகவே கணக்கு. நாளைக் காலையில் வேன் வரும், சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோவார்கள். கூட ஆள் விட முடியாது என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு ஆபத்தாகப் பட்டது. கட்டில்கள் வரிசையாகப் போட்ட பெரிய கூடத்தில், முகம் தெரியாத வெள்ளை உடுப்புக்காரர்கள் நீட்டும் மாத்திரையை அவர் வாங்கப்போவதில்லை. வாங்காவிட்டால் வலிப்பு வரும். விழுந்தால் தலையில் அடிபடும். கொரோனா அவரை என்ன செய்யுமோ தெரியாது. மாத்திரை இல்லாத இரண்டு நாள் என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சாயங்காலத்துக்குள் அவர் மூக்கை நீட்ட வேண்டும், அதில் ஒன்றும் இல்லை என்று வரவும் வேண்டும். முதலாவதாவது என் கையில் இருந்தது.

அவர் அண்ணனுக்குப் போன் செய்தேன். நேரில் வரச் சொல்ல முடியாது. சாவடியில் பாஸ் கேட்டார்கள், பாஸுக்குப் பரிசோதனை கேட்டார்கள். போனிலாவது தம்பியிடம் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று நினைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"மூக்குல கை வெச்சா அவன் உடமாட்டானுங்க, அம்மிணி" என்றார். "சின்னதுல எங்க கட்டுத்தொறையில கெடாரிக்கு மூக்குக் குத்தறப்ப எல்லாம் ஓடிப்போய் சோளத்தட்டுப் போருக்குள்ள பூந்துக்குவான். குத்துனா அடுத்த சந்தைக்கு வித்துருவோம்னு அவனுக்குத் தெரியும். அதுககூடவே வளந்தவனுங்க."

"சந்தை நாளானா கட்டிலுக்கடியில படுத்துக்கறாருங்க. அது எதுனாலீங்க?"

அண்ணன் சொன்னார்.

"உங்ககிட்ட கொண்டாந்து உட்டது ஒரு சந்தை நாளுங்க. தனியா வண்டி புடிக்க வக்கில்லீங்க அப்ப. சந்தைக்கு ஒரு மாடு ஏத்திக்கிட்டு வந்தேன், அதே டெம்போல அவனையும் ஏத்திக்கிட்டேன். மாட்ட வித்துட்டு, வர்ற வழியில அவன அங்க எறக்கி உட்டுட்டுப் போனேனுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரே நடையில் இரண்டு வேலை. சந்தைக்குப் போகும்போது உர மூட்டையும் வாங்கி, கல்யாணத்துக்குப் பணமும் வைத்து, கரண்ட் பில்லும் கட்டிவிட்டு வருகிற எங்கள் சனங்களின் சாமர்த்தியம். மாட்டையும் தம்பியையும் ஒரே வண்டியில். எதிரில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. போனில் "செரிங்க, வெக்கறேன்" என்று மட்டும் சொன்னேன். சொல்லாததை எல்லாம் சேர்த்துவைத்தேன்.

பாதுகாப்பு உடை எல்லாம் போட்டுக்கொண்டு அவர் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே அவர் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது, மூச்சு கேட்டது. பரிசோதனையைப் பற்றிப் பேசவில்லை. டிரைவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்றேன். இனிமேல் யாரும் உங்கள் தலையைப் பிடிக்கமாட்டார்கள் என்றேன். அவர் உள்ளேயிருந்து கேட்டார்.

"அக்கா, கயிறு மாத்தப் போறீங்களா?"

"எந்தக் கயிறுங்க?"

"அவனுக்கு மாத்துனாங்கல்ல. மூக்குக் குத்துனாங்க, நம்ம கயித்த அவுத்துப் போட்டாங்க, அவங்க கயித்தப் போட்டாங்க, வண்டில ஏத்துனாங்க. என்னைய இன்னொருக்கா விக்கறீங்களா?"

எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றால் கயிற்றோடு கொடுக்கமாட்டோம். விலை பேசி முடிந்ததும் விற்றவர் தன் தலைக்கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொள்வார். வாங்கியவர் தான் கொண்டுவந்த கயிற்றைப் பூட்டுவார். கயிறு வீட்டு லட்சுமி, அது வெளியே போகக் கூடாது என்பார்கள். அந்த நிமிஷம்வரை மாடு உங்களுடையது, அதற்குப் பிறகு இல்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா சந்தையிலிருந்து வெறும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். அதைப் பார்த்ததும் அம்மா உள்ளே போய்விடுவார்.

அதெல்லாம் எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. என்னை உலுக்கியது அது அல்ல. 'இன்னொருக்கா' என்ற அந்த வார்த்தை. அவரைச் சேர்த்த காலத்தில் இருந்த வார்டன் எனக்கும் பழக்கம்தான், அப்போதைய வழக்கங்களை என்னிடம் சொன்னதுண்டு. புதிதாக வருபவர்களால் சொறி சிரங்கு பரவக் கூடாது என்று அந்தக் காலத்தில் ஒரு முறை வைத்திருந்தார்கள். தலையை மழித்து, வந்த துணியைக் கொளுத்தி, இடுப்பிலும் கையிலும் இருக்கிற கயிற்றை அறுத்தெறிந்துவிட்டு, குளிக்கவைத்துப் புதுத்துணி கொடுப்பார்கள். காலையில் சந்தையில் மாட்டுக்குக் கயிறு மாற்றியதைப் பார்த்தவருக்கு மதியம் இங்கே அரைஞாண் கயிற்றை அறுத்திருக்கிறார்கள். இத்தனை வருஷமும் தன்னை எங்களுக்கு விற்றுவிட்டார்கள் என்றே அவர் நினைத்திருந்தார். அதை ஏற்றுக்கொண்டு, தட்டைக் கழுவி, நார் பிய்த்து, எங்களோடு வாழ்ந்தும் இருந்தார். இப்போது அவர் பயந்தது இரண்டாவது விற்பனைக்கு.

"உங்களைய யாரும் விக்கலீங்க" என்றேன். "மனுசன விப்பாங்களா?"

"அண்ணன் வித்துச்சு" என்றார் உள்ளேயிருந்து, சாதாரணமாக.

நான் வாதாடிப் பார்த்தேன். அண்ணனுக்கு வேறு வழி இல்லை, இங்கே உங்களுக்கு நல்லது என்று விட்டுப்போனார், மாதாமாதம் போன் செய்கிறார். எனக்கே அது நொண்டியாகத் தெரிந்தது. அன்று அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. அவர் சம்மதம் இல்லாமல், அவருக்குத் தெரியாத பேச்சு ஒன்று இரண்டு பேருக்கு நடுவே நடந்து முடிந்தது என்பதும் உண்மை. அதை விற்பனை இல்லை என்று நிரூபிக்க என்னிடம் என்ன இருந்தது? சாட்சி எல்லாம் அவர் பக்கம் இருந்தது.

அதனால் அந்த வழக்கை விட்டுவிட்டேன்.

"கயிறு மாத்த மாட்டேனுங்க" என்றேன். "நான் போட்ட கயிறு உங்க தலையில இருக்கறவரைக்கும் நீங்க இந்த ஊட்டு ஆளு. யார் வந்து கேட்டாலும் அவுக்க உடமாட்டேன்."

"டிரைவரு?"

"அவரு வரமாட்டாருங்க."

"குச்சி?"

"குச்சி மட்டும் உண்டுங்க. நோவு இருக்குதான்னு பாக்கறக்கு. கயிறு அப்படியே இருக்கும்."

தாழ்ப்பாள் உடனே திறந்துவிடவில்லை. சாயங்காலம் சிஸ்டர் வந்தபோதும் கதவு சாத்தியே இருந்தது. நடந்ததைச் சிஸ்டரிடம் சொன்னேன். கயிறு மாற்றும் சங்கதி சிஸ்டரின் ஊரிலும் உண்டு போலிருக்கிறது. "அய்யோ, அது சரி" என்று மட்டும் சொல்லி, கையுறைக் கையால் நெற்றியைத் தொடப்போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மாஸ்க்கை முழுசாகக் கழற்றத் தேவையில்லை, மூக்குக்குக் கீழே இறக்கினால் போதும், முடிச்சு முடிச்சாகவே இருக்கட்டும் என்றார். கதவுக்கு வெளியே நின்று அதைச் சிஸ்டரும் ஒருமுறை தன் தமிழில் உள்ளே சொன்னார்.

கதவு திறந்தது. அவரே நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முடிச்சு அவிழாமல் இருக்க அவரே பிடித்துக்கொள்ளலாம் என்று சிஸ்டர் சொன்னார். இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் நாடாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடித்ததில் தலை தானாக நிமிர்ந்தது. கையும் ஒரு வேலையில் மாட்டிக்கொண்டது. நான் அவர் கண்ணுக்கு நேரே குந்தி உட்கார்ந்தேன். குச்சி உள்ளே போனபோது அவர் என்னையே பார்த்தார். கை முடிச்சை விடவில்லை. வெளியே எடுத்ததும் ஒரு பெரிய தும்மல் போட்டார். சிஸ்டர் ஒதுங்கிக்கொண்டு, "மிடுக்கன்" என்றார், கெட்டிக்காரன் என்று.

அவர் முதலில் கேட்டது முடிவை அல்ல. "கயிறு இருக்குதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். தானும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆன்டிஜென் நெகட்டிவ். பெரிய பரிசோதனைக்கும் சளி அனுப்பினார்கள், அதிலும் நோய் இல்லை என்று வந்தது. வெறும் காய்ச்சல், பயத்தில் வந்ததோ என்னவோ. வேன் வரவில்லை. அந்த இரவு நான் நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் பொய். ஆனால் அவர் தூங்கினார், மாஸ்க்கோடு. தூங்கும்போது மாஸ்க் வேண்டாம் என்பது விதி. அந்த விதியைக் கொஞ்ச நாள் நான் கண்டுகொள்ளவில்லை.

அறைத்தோழர் பிழைத்து வந்தார். பாதி உடம்பாக, அதே சிரிப்போடு, மையத்தில் கொடுத்த நீல மாஸ்க்கோடு வேனிலிருந்து இறங்கினார். விற்ற மாடு திரும்பி வந்து அவர் பார்த்ததே இல்லை. கேட்டுக்கு உள்ளே நின்று நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வெளியிலிருந்து வந்த மாஸ்க்கை வாசலிலேயே கழற்றிக் குப்பையில் போட வேண்டும் என்ற என் விதியை அவரே நிறைவேற்ற முன்வந்தார். கையுறை கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, அந்த நீல மாஸ்க்கை எடுத்து மூடி போட்ட டப்பாவில் போட்டுவிட்டு, துவைத்துக் காய்ந்த கட்டம் போட்ட மாஸ்க் ஒன்றைத் தோழருக்குக் கட்டினார். மேல் நாடா, கீழ் நாடா, இரண்டு முடிச்சு. இழுத்துப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் உள்ளே விட்டார். தொற்றுக் கட்டுப்பாடு பற்றிப் பயிற்சி வகுப்பு நடத்தியவர்கள் பார்த்திருந்தால் அவருக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பார்கள். அவர் செய்தது வேறு என்று எனக்கு மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகும் சமயம் கிடைத்தபோதெல்லாம் நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் விற்கப்பட்டவர் இல்லை, இது உங்கள் வீடு, வாடகைச் சீட்டில்கூட உங்கள் எல்லோரையும் குறித்திருக்கிறது. அவர் தலையை ஆட்டுவார். என் மனசு நோகக் கூடாது என்று ஆட்டுகிற ஆட்டல் அது. எனக்கு எரிச்சல் வரும். பிறகு யார்மேல் எரிச்சல் என்று யோசித்தால் அது வேறு எங்கோ போய் நிற்கும்.

சாவடியில் பாஸ் கேட்பது நின்ற பிறகு அண்ணன் பார்க்க வந்தார். வெளியாட்களை உள்ளே விடாத காலம். கேட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம், தள்ளி நிற்பதற்காக நாங்கள் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே அண்ணன். மெலிந்து போயிருந்தார். வேட்டி மடிப்பில் புழுதி. மொபெட்டில் ஒரு பையில் வறுத்த கடலை கொண்டுவந்திருந்தார். அன்று போனில் சொல்லாமல் சேர்த்துவைத்ததை எல்லாம் கொட்டிவிட வேண்டும் என்றுதான் நான் கேட்டடிக்குப் போனேன்.

அவர் என்னோடு வந்து நின்றார். அண்ணனைப் பார்த்தார். அண்ணனுக்குப் பின்னால் சாலையைப் பார்த்தார், டெம்போ ஏதாவது நிற்கிறதா என்று. பிறகு கேட்டார்.

"திருப்பி வாங்கறக்கு வந்தியா?"

அண்ணனுக்குக் கேட்டது. கேட்காதது போல நின்றார். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. "பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் சாமி" என்று ஏதோ சொன்னார்.

அண்ணன் வெறுங்கையோடு போகவேண்டியிருக்கிறதே என்று அவருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். கேட்டுக்குக் கிட்டே போய், சமாதானமாகச் சொன்னார்.

"அக்கா குடுக்க மாட்டாங்க. எம்புட்டுக் கேட்டாலும் குடுக்க மாட்டாங்க. நீ சும்மா அலையாத."

அண்ணன் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வந்து கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். தள்ளி நில்லுங்கள் என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சேர்த்துவைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.